அக்கா அழைத்தபோது நான் கடலில் இருந்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், பிள்ளைகளின் கோடை விடுமுறையில் நடந்தது இது. துருக்கியின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்தில், அந்தாலியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹோட்டல். நான் ஹம்பேர்க்கில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறவன். பத்தாம் வகுப்போடு ஊரை விட்டு வந்தவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முன் நாங்கள் விடுமுறை என்று எங்கும் போனதில்லை. லீவு கிடைத்தால் லண்டனில் ஒரு கலியாணம், பாரிஸில் யாரோ பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, இல்லாவிட்டால் இங்கே கோயில் தேர். தேருக்கு முதல் நாள் மரக்கறி வெட்டுவதும் அன்னதானத்துக்குச் சோறு வடிப்பதும்தான் எனக்கு ஓய்வு. அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. மகளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. தாதிப் படிப்பில் இருந்தவள், ஒரு நாள் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு கிழமை. சும்மா படுத்திருக்க வேணும். ஒருத்தருக்கும் சமைக்கக் கூடாது."

"கோயிலிலை கேட்பினமே பிள்ளை."

"கேட்டா, கடவுள் லீவு தந்தவர் எண்டு சொல்லுங்கோ."

அப்படித்தான் புறப்பட்டோம். நான், மனைவி, மகள், பள்ளிக்கூடம் போகும் மகன். மனைவி பெட்டிக்குள் மிளகாய்த்தூளும், மிக்சரும், ஒரு சின்னப் பிள்ளையார் படமும், பட்டரியில் எரியும் ஒரு விளக்கும் வைத்துக்கொண்டா. ஹோட்டல் அறையில் நெருப்புக் கொளுத்தினால் மணி அடிக்கும் என்று மகள் முதலே எச்சரித்திருந்தாள்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா யாழ்ப்பாணத்தில் மகனோடு இருந்தார். அத்தான் காலமாகிப் பல வருடம். அம்மா தோட்டத்துக்குப் போகும் நாட்களில் அக்காதான் என்னைக் கிணற்றடியில் நிறுத்தித் தலையில் வார்த்து, துவட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கன்னத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் பள்ளிக்கு அனுப்புவார். நான் ஜெர்மனிக்கு வந்து, தலை நரைத்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் முதலில் பார்ப்பது என் நெற்றியைத்தான்.

"நெத்தி ஏன் தம்பி வெளிச்சுப் போய்க் கிடக்கு? ஆளில்லாத வீடு மாதிரி."

வேலை முடிந்து களைத்து வந்த நேரமாக இருக்கும். சமையலறைத் தொப்பி நெற்றியை அழித்திருக்கும். அதைச் சொன்னாலும் அக்கா விடமாட்டார். அதனால் அக்காவின் அழைப்பு வந்தால் நான் முதலில் சாமித் தட்டுக்கு ஓடுவேன். பூசிக்கொண்டு வந்துதான் முகத்தைக் காட்டுவேன். மகள் அதற்கு ஒரு பகிடி வைத்திருந்தாள். "அப்பா, மாமி கோல் எடுக்கிறா. மேக்கப் போட்டுக்கொண்டு வாங்கோ."

அக்காவுக்குக் கொஞ்சக் காலமாக நெஞ்சு இளைப்பு இருந்தது. மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "அது வயசுக்கு வாறது" என்பார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

ஹோட்டலில் எங்களுக்கு எல்லாமே புதுமையாக இருந்தது. விடியவே ஆட்கள் போய்க் கடற்கரைச் சாய்கதிரைகளில் துவாயைப் போட்டு இடம் பிடிப்பார்கள். இரண்டாம் நாளே நானும் அதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் மேசைக்கு வரும் பரிசாரகர் சின்ன வயதில் ஜெர்மனியில் வளர்ந்தவர், நல்ல ஜெர்மன் பேசுவார். அவர்கள் மொழியில் மூத்தவரை 'ஆபி' என்பார்களாம். எங்களில் அண்ணை என்போம் என்று மகன் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து அவர் தேத்தண்ணி கொண்டு வரும்போது, "அண்ணை, சீனி?" என்றுதான் கேட்பார். மேசையே சிரிக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் கடலில் தோய்ந்துவிட்டு வந்து, மகன் வாங்கித் தந்த பூப்போட்ட அரைக்காற்சட்டையோடு மணலில் நின்றேன். சாய்கதிரையில் இருந்த மனைவியின் போன் அடித்தது. அக்காவை அவ மச்சாள் என்பா.

"மச்சாள் வீடியோவிலை எடுக்கிறா. இந்தாங்கோ, பேசுங்கோ."

கையை நீட்டினேன். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். உப்புத்தான் இருந்தது. திருநீறு முழுக்கக் கடலோடு போயிருந்தது. காற்சட்டையைப் பார்த்தேன். சிவப்புச் செம்பரத்தம்பூ. ஊர்க் கோயில் வீதியில் அக்காவுக்கு முன்னால் வேட்டியோடும் வெறும் மேலோடும் எத்தனை தரம் நின்றவன் நான், ஆனால் இந்தக் கோலத்தில் அவர் கண்ணில் படக் கூச்சமாக இருந்தது.

"நான் கடலுக்கை நிக்கிறன் எண்டு சொல்லு. பின்னேரம் எடுக்கிறன்."

"இஞ்சைதானே நிக்கிறியள். என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

அதுவும் சரிதான் என்று பட்டது. சாமி கும்பிடுகிற வீடு, பொய் சொல்ல வைக்கலாமா? உடனே திரும்பி ஓடினேன். மகன் அலையில் நின்றான், அவனைத் தாண்டிக் கழுத்தளவு தண்ணீருக்குப் போய் விழுந்தேன். இனி மனைவி சொல்வது உண்மை. அதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. நானும் மகனும் அலைக்கு அலை துள்ளினோம். திரும்பி வந்தபோது மனைவி போனை வைத்துவிட்டிருந்தா. "என்னவாம்?" என்றேன். "சும்மாதானாம். நீங்கள் தோயிறியள் எண்டு சொன்னன். சிரிக்கிறா," என்றா.

பின்னேரம் எடுக்கவில்லை. சாப்பாடு, பிறகு முற்றத்தில் ஆட்டம் பாட்டு. ஊரில் அக்கா படுத்திருப்பார், நாளைக்கு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு விடியவே எடுப்போம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை துவாய் போட்டு இடம் பிடித்துவிட்டு அறைக்கு வந்தேன். மனைவி குளியலறையில் நெடுநேரம் இருந்தா. வந்தபோது கண் சிவந்திருந்தது. நீச்சல் குளத்து மருந்துத் தண்ணீர் பட்டதாம். அக்காவுக்கு எடுப்போமா என்று கேட்டேன்.

"நல்லூரிலை கொடியேறியிருக்கு. மச்சாள் இப்ப வீட்டிலை நிப்பாவே? கோயிலிலைதான் கிடப்பா. வீட்டை போய் ஆறுதலாக் கதையுங்கோ."

அது அக்காவின் குணம். திருவிழாக் காலத்தில் அவரை வீட்டில் பிடிக்க ஏலாது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இளைப்பு குறைந்திருக்கும், அதனால்தான் கோயிலுக்கு நடக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். என் போனையும் மகள் வாங்கி அறையின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டாள். "உர்லாபிலை போன் கூடாது" என்றாள். உர்லாப் என்றால் இங்கே விடுமுறை.

அன்றிலிருந்து மனைவி கடலில் இறங்கவில்லை. விளக்கையும் ஏற்றவில்லை. பெண்களுக்கு மாதத்தில் வரும் நாட்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீடுகளில் அதைக் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அதனால் நான் விளக்கை ஏற்றிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன்.

"இண்டைக்கு விடுங்கோவன்," என்றா மனைவி.

"ஏன் விடுவான்? நான் சுத்தமாத்தானே நிக்கிறன்," என்றேன்.

அவ சுவர்ப்பக்கம் திரும்பி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. எனக்கே துடக்கு, தீட்டு, இருக்க நான் விளக்கேற்றியதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. கடவுள் மன்னிப்பார். அறியாமல் செய்தது என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை, திரும்புவதற்கு முதல் நாள், காலைச் சாப்பாட்டுக்கு நான் மட்டும் முன்னதாகப் போனேன். முந்தின இரவு நல்ல மீன் பொரியல். இரண்டு தரம் எடுத்துச் சாப்பிட்டிருந்தேன். மேசையில் இருந்து, இன்றைக்கும் மத்தியானம் மீன் இருக்குமா என்று அந்தப் பரிசாரகரிடம் கேட்க நினைத்தேன். அவர் தேத்தண்ணியோடு வந்தார். சீனி கேட்கவில்லை. கோப்பையை மெல்ல வைத்துவிட்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, "மைன் பைலைட், அண்ணை," என்றார்.

ஜெர்மனில் துக்கம் விசாரிக்கும்போது சொல்லும் வார்த்தை அது. ஆள் மாறிச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"எனக்கா? வேறு மேசையாக இருக்கும்."

"உங்கள் அக்காவுக்காக," என்றார். "உங்கள் மனைவி மூன்று நாளாக மரக்கறி மட்டும் கேட்கிறார். சுகமில்லையா என்று கேட்டேன். அழுதுகொண்டு சொன்னார். என் அம்மா போனபோது நானும் தூரத்தில்தான் இருந்தேன், அண்ணை. அதுதான் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்தப் பார்வையில்தான் அவருக்குப் புரிந்தது. வேலை நேரத்தில் அவர்கள் விருந்தினரோடு உட்காரக் கூடாது. அந்த மனிதர் எனக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கையை உதறிக்கொண்டு எழுந்து போனேன்.

அறையில் மனைவியும் மகளும் இருந்தார்கள். என் முகத்தைக் கண்டதும் மனைவி கட்டிலில் இருந்துவிட்டா.

"என்ரை அக்கா செத்துக் கிடக்க, என்னை மீன் தின்ன விட்டிட்டியே," என்றேன்.

அதற்குமேல் நான் பேசிய பேச்சை எழுத விருப்பமில்லை. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. மகள்தான் பெட்டகத்தைத் திறந்து என் போனை எடுத்து, யாழ்ப்பாணத்துக்கு எடுத்து என் காதில் வைத்தாள். மறுபக்கத்தில் அக்காவின் மகன்.

"மாமா, மாமியை ஏசாதேங்கோ. அம்மாதான் சொன்னவ. புதன் விடியப்பறம் மூச்சு முட்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேக்கை, வானுக்குள்ளை என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவ. 'மாமாவுக்கு இப்ப சொல்லாதை. அவன் கடலிலை நிக்கிறான். குழப்பாதை. வந்தாப் பிறகு சொல்லு' எண்டு. அதுதான் மாமா அவ கதைச்ச கடைசிக் கதை. நான் எப்பிடி மீறுறது?"

யாரோடு கோபிப்பது? எல்லோரும் எனக்கு நல்லது என்று நினைத்துச் செய்தவர்கள். மருமகன் கொள்ளிக்குடம் தூக்கியபோது பக்கத்தில் நிற்க வேண்டிய தாய்மாமன் நான். ஓடிப்போய்ச் சேர்ந்திருக்க முடியாதுதான். ஆனால் இப்போது செத்தவீட்டை வீடியோவில் நேரே காட்டுகிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் குளத்தடியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பதிவு செய்து வைத்திருந்த வீடியோவை மகள் போட்டுத் தந்தாள். கடற்கரையில், காலையில் நானே துவாய் போட்டுப் பிடித்த அந்தச் சாய்கதிரையில் இருந்து பார்த்தேன். சுற்றிவர ஆட்கள் எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் படுத்திருந்தார்கள். பிள்ளைகள் பந்து எறிந்தார்கள். என் கைக்குள்ளே எங்கள் வீட்டு முற்றம், பறைச் சத்தம், கிரியைக்குச் சுண்ணம் இடிக்கும் உலக்கை. படம் பிடித்தவர் அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார். நெற்றி முழுக்க, மூன்று விரலால் அகலமாக இழுத்த திருநீறு. அவ்வளவு நிறைவான நெற்றி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை என் நெற்றிக்குப் போனது.

பின்னேரம் அந்தப் பரிசாரகர் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். வேலை உடுப்பில் இல்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தார். கையில் ஒரு பாத்திரம், மேலே துணி. ரவையை வெண்ணெயில் வறுத்துச் சீனியும் பாலும் விட்டுக் கிளறிய ஹெல்வா. எங்கள் ரவைக் கேசரி மாதிரி, நிறம் மட்டும் மண்ணிறம். ஒருவர் இறந்தால் அவர் பெயரில் இதைக் கிளறி அயலுக்குக் கொடுப்பது தங்கள் வழக்கம் என்றார். அவருடைய மனைவியும் சகோதரியுமாக வீட்டில் கிளறினார்களாம்.

"உங்களுக்கு இங்கே அயல் இல்லை, அண்ணை. அதுதான்," என்றார்.

எங்களில் துக்க வீட்டில் இனிப்புச் செய்வதில்லை. வாங்கலாமா கூடாதா என்று நான் வாசலில் நின்று தடுமாறினேன். மனைவி பின்னாலிருந்து, காலையிலிருந்து முதல் தடவையாக என்னோடு பேசினா.

"மச்சாளுக்கு எண்டு மனசாலை தந்தது. ரண்டு கையாலையும் வாங்குங்கோ."

வாங்கினேன். காலையில் உதறிய கையாலேயே அவர் கையைப் பிடித்தேன். கடற்கரைக்குக் கொண்டு போய், பக்கத்துச் சாய்கதிரைக்காரருக்கெல்லாம் கடதாசித் தட்டில் கொடுத்தோம். மகள் ஒவ்வொருவரிடமும், "என் மாமிக்காக" என்று ஜெர்மனில் சொன்னாள். ஒரு கிழமையாக இடம் பிடிப்பதில் என்னோடு போட்டி போட்ட ஒரு ஜெர்மன்காரக் கிழவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் நான் சட்டையோடே கடலில் இறங்கி மூன்று முறை முழுகினேன். அந்த ஒரு கிழமையில் துள்ளாமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

ஹம்பேர்க்குக்கு வந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வீட்டில் படம் வைத்து, படைத்து, தேவாரம் பாடினோம். வந்தவர்கள் போனபிறகு மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னா.

"ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு மச்சாள் எடுத்தபோது நான் போனைக் கடல் பக்கம் திருப்பினனான். அவ உங்களைப் பார்த்தவ."

"எதைப் பார்த்தவ?"

"நீங்கள் ஓடினதை. விழுந்து விழுந்து சிரிச்சவ. 'நெத்தியிலை திருநீறு இல்லைப் போலை, அதுதான் ஓடுறான்' எண்டவ. பிறகு, 'விடு பிள்ளை, தோயட்டும். சின்னனிலை கிணத்தடியிலை பிடிச்சு வைச்சுத்தான் வார்க்கிறனான். ஒரு நாளாவது தன்ரை பாட்டிலை தோயட்டும்' எண்டவ. உங்களுக்குச் சொன்னா இன்னும் நோகும் எண்டு வைச்சிருந்தனான்."

நொந்தது. இன்றும் நோகிறது. ஆனால் அதைக் கேட்காமலே இருந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். திருநீறு இல்லாததால் ஓடுகிறேன் என்பது எத்தனையோ கடலுக்கு அப்பால் இருந்த அக்காவுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. திருநீறு இல்லாவிட்டாலும் அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவர் எடுத்தார் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது யார் அழைத்தாலும், கை சோற்றுப் பானைக்குள் இருந்தாலும், தலையில் சவர்க்காரம் இருந்தாலும், எடுத்துவிடுகிறேன். சமையலறைத் தொப்பியோடு முகம் காட்டியிருக்கிறேன். ஒரு தரம் முகம் மழிக்கும் நுரையோடு எடுத்து, மருமகன் பயந்துபோனான். காலையில் சாமித் தட்டுக்கு முன்னால் நின்று திருநீறு பூசும்போது மட்டும் கை கொஞ்சம் தாமதிக்கிறது. நாற்பது வருடம் என் நெற்றியைத் தேடிய அந்தக் கண்கள் கடைசியாகக் கண்டது, கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்த என் முதுகைத்தான்.